15 நிமிடம் என்பது எந்த 15 நிமிடம்?

அன்புள்ள ஐயா,

இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே அசிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் (உடனுக்குடன் அல்லாமல் சற்றுத் தாமதமாக மறுபக்கத்துக்குப் பிரதி அனுப்புவது) 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. காலை 10:28-க்கு முதன்மை ஸ்டோரேஜ் விழுந்தது. மறுபக்கத்தில் டேட்டாபேஸின் டேட்டா வால்யூம் (ஸ்டோரேஜில் ஒதுக்கிய தனிப் பகுதி) 10:00 மணி நிலவரத்தில் இருந்தது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லாக் வால்யூமுக்கு அரை மணிக்கு ஒருமுறை தனி ஜாப். அதன் பிரதி 9:50 நிலவரத்திலேயே இருந்தது. டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. கருவியில் கோளாறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. 15 நிமிடம் என்பது ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலவரத்தின் பதிவு) எடுக்கும் இடைவெளி மட்டுமே. 10:00 மணி ஸ்னாப்ஷாட் போய்ச் சேர 14 நிமிடம் ஆனதென்று வையுங்கள். அடுத்தது 10:15-க்குக் கிளம்பி 10:29-க்குத்தான் முடியும். 10:28-க்கு விழுந்தால் பாதி வந்தது செல்லாது. இடைவெளியோடு அனுப்பும் நேரத்தையும் கூட்டுங்கள். அதுதான் உங்கள் ஆர்பிஓ, அதாவது அதிகபட்சம் எத்தனை நிமிட டேட்டாவை இழப்பீர்கள் என்ற கணக்கு. 15 நிமிடத்துக்கு மேல் இழக்க முடியாதென்றால் இடைவெளியை 5 நிமிடமாக்கி, ஒவ்வொரு ஜாபும் அதற்குள் முடிகிறதா என்று பாருங்கள்.

முடியாவிட்டால் இரண்டு சென்டர்களையும் இணைக்கும் லைன் போதவில்லை. மணிக்கு 50 ஜிபி மாறினால் சராசரியே 111 எம்பிபிஎஸ். சராசரியை நம்பி லைன் வாங்காதீர்கள். டேட்டாபேஸின் இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீபில்ட் ஓடும் இரவில் மாற்றத்தின் அளவு எகிறிவிடும். மாறியது 4 கேபிதான் என்றாலும், 64 கேபி துண்டுகளாகக் கணக்கு வைக்கும் கருவி முழுத் துண்டையும் அனுப்பும். டெம்ப் ஃபைல்கள் வீண் சுமை. அவற்றைத் தனி வால்யூமுக்கு மாற்றி, ரெப்ளிகேஷனில் சேர்க்காமல் விடுங்கள்.

டேட்டாபேஸ் திறக்காததற்குக் காரணம் அந்தத் தனி ஜாப். 9:50-க்குப் பிறகு டேட்டா ஃபைலில் ஏறிய மாற்றங்களுக்கு லாகில் பதிவே இல்லை. அப்படி ஒரு ஜோடியை டேட்டாபேஸ் எப்படி நம்பும்? இரண்டு வால்யூமையும் ஒரே கன்சிஸ்டென்சி குரூப்பில் போடுங்கள். ஸ்னாப்ஷாட் ஒரே கணத்தில் விழும். கரண்ட் போய் வந்த சர்வர் போல டேட்டாபேஸ் தானே ரெக்கவரி செய்துகொண்டு எழுந்துவிடும்.

ஜர்னல் (மாற்றங்களை எழுதிய வரிசையில் சேர்த்து வைக்கும் இடம்) வழியாக அனுப்பும் கருவிக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று. லைன் நெடுநேரம் அறுந்தால் ஜர்னல் நிரம்பிவிடும். பிறகு நடக்கும் ரீசிங்கில் (இரு பக்கத்தையும் மீண்டும் ஒத்துப்போகச் செய்வதில்), மாறிய பிளாக்குகள் எழுதிய வரிசையில் வராது. அது முடியும்வரை மறுபக்கத்துப் பிரதி உதவாது என்பதால், ரீசிங்குக்கு முன் அங்கே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.

பேக்கப்பையும் நிறுத்திவிடாதீர்கள். இங்கே தவறுதலாக அழித்த டேபிள் அடுத்த ஸ்னாப்ஷாட்டில் அங்கேயும் அழிந்திருக்கும்.

குரூப்பை மாற்றியதும் மறுபக்கத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு குளோன் (நகல்) எடுத்து, தனி நெட்வொர்க்கில் உள்ள சர்வரில் மவுண்ட் செய்து டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். இதற்காக ரெப்ளிகேஷனை நிறுத்த வேண்டியதில்லை.