பாதியில் நிற்கும் வீடு, கூடுதல் பணம் கேட்கும் காண்ட்ராக்டர்: என்ன செய்யலாம்?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில், முன்பு வயலாக இருந்து மனை பிரித்த இடத்தில் 1,150 சதுர அடி வீடு கட்டுகிறோம். கணவர் குவைத்தில் இருக்கிறார். லீவில் வந்தபோது தெரிந்த ஒரு காண்ட்ராக்டரிடம், மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடி 2,200 ரூபாய் என்று பேசி, வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதுவரை 19 லட்சம் கொடுத்துவிட்டோம். அதில் 12 லட்சம் வங்கிக் கடன். தளம் போட்டாயிற்று, உள்பூச்சு பாதி முடிந்திருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பின் அறையில் தரை ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. கேட்டால் “மண்ணு அப்படி” என்கிறார். தை மாதத்திலிருந்து ஆள் வரவில்லை. மண் கொட்டி மேடாக்கியது, செப்டிக் டேங்க், விலைவாசி என்று இன்னும் நாலரை லட்சம் கேட்கிறார். தளம் போடும்போது நம்பிக்கைக்காக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த, தொகை எழுதாத காசோலை ஒன்றும் அவரிடம் இருக்கிறது. கொழுந்தனார் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார். வேறு கொத்தனாரை வைத்து முடித்துவிடலாமா? ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாமா? – ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: வேறு கொத்தனாரை வைத்து முடிக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இன்றைக்கு வேண்டாம். புது ஆள் வந்து விரிசலில் சிமென்ட்டை அப்பி, பூச்சை முடித்துவிட்டால், பழைய ஆள் எதுவரை செய்தார், எதைக் கெடுத்தார் என்பதைப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டுமான வழக்குகளில் வீட்டுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கும், சாட்சியம் பூச்சுக்குள் புதைந்து கிடக்கும்.

அதனால் முதல் வேலை அளவெடுப்பது. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவரோ, பதிவு பெற்ற கட்டடப் பொறியாளரோ ஒருவரைப் பிடியுங்கள். காண்ட்ராக்டருக்கோ உங்களுக்கோ உறவாக இருக்கக் கூடாது. “இன்ன தேதி, இன்ன மணிக்கு வீட்டை அளக்கப்போகிறோம், நீங்களும் வந்து இருங்கள்” என்று காண்ட்ராக்டருக்கு ஒரு வாரம் முன்னதாகவே வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்டிலும் எழுதிவிடுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், கூப்பிட்டும் வரவில்லை என்பது பதிவாகிவிடும். கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம், பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், சுவரைச் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட் இருக்கிறதா, என்ன கம்பி, பூச்சு எத்தனை சதுர மீட்டர் முடிந்திருக்கிறது, இதையெல்லாம் அளந்து, செய்த வேலையின் இன்றைய மதிப்பு இவ்வளவு என்று அறிக்கை தரச் சொல்லுங்கள். கடைக்கால் ஆழத்தை வெளியிலிருந்து ஊகிக்க விடாதீர்கள். சுவர் ஓரமாக ஒரு குழி வெட்டிப் பார்த்து, டேப் வைத்துப் படம் எடுக்க வேண்டும்.

விரிசலுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமென்ட்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார்கள். கொஞ்ச நாளில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது, ஆனால் விசாரணையில் நன்றாகப் பேசும். பூச்சில் வரும் மயிரிழை வெடிப்பையும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலையும் பொறியாளர் தனித்தனியாகக் குறிக்கட்டும். முதலாவது பெரும்பாலும் பூச்சுக்குச் சரியாகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்காத குறை. இரண்டாவது அடியில் மண் அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

“மண்ணு அப்படி” என்கிற பதிலுக்கு வருவோம். நம் பக்கத்துக் களிமண் தண்ணீர் பட்டால் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் நிற்க, நடுவே ஒரு மனை மட்டும் மேடாக நின்றால் அந்த அசைவு சுவருக்கு வராமல் எங்கே போகும்? இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. உப்பிச் சுருங்கும் மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டது. அப்படிப்பட்ட மண் ஆழமாக இருக்கும் இடத்தில் பைல் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமும் சொல்கிறது. எல்லா வீட்டுக்கும் பைல்தான் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைப் பொறியாளர் மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஊரில் வீடு கட்டிப் பிழைப்பவர், இந்த ஊர் மண்ணைப் பற்றித் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மண்ணைச் சோதிக்காமல் கடைக்கால் போட்டதே சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி, பதிலை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பைல் போடலாம் என்று காண்ட்ராக்டர் சொல்லி, செலவு கூடுகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது வேண்டாம் என்றீர்களா? அப்படி ஒரு குரல் பதிவு அவர் போனில் இருந்தால், விரிசல் விஷயத்தில் உங்கள் வழக்கு பாதியாகிவிடும். தரை இறங்கியது மட்டும் அப்போதும் அவர் தலையில்தான் விழும். பேஸ்மட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து இறுக்கியிருந்தால் ஒரே மழையில் தரை இவ்வளவு இறங்காது.

சரி, எங்கே போவது? ரெரா உங்களுக்குப் பொருந்தாது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் மனையோ வீடோ கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கானது. உங்கள் சொந்த மனையில் கூலிக்கோ மெட்டீரியலோடோ கட்டித் தருபவர் அதற்குள் வர மாட்டார். கட்டடக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அதுவும் அந்தப் புரமோட்டருக்கு உள்ளதுதான்.

உங்களுக்கான இடம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே வீடு கட்டுவதும் இருக்கிறது. லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் கொடுத்தது 19 லட்சம் என்பதால் கட்டணம் 400 ரூபாய். இதுவே, உதாரணத்துக்கு எட்டு லட்சம் நஷ்டம் கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 24,000 ரூபாய் கோர்ட் கட்டணம். நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு. ஆள் வராமல் நின்றது தை மாதம் என்று எண்ணாமல், விரிசலைக் கண்ட கார்த்திகையிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தாளில் எழுதியது செல்லாதோ என்று பயப்பட வேண்டாம். முத்திரைத்தாளில் இல்லாததால் ஒப்பந்தம் ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. கேள்வி எழுந்தால் தீர்வையும் அபராதமும் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் பேச்சுகள் உள்ள போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அவற்றுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. இன்னொன்று: வங்கி ஒவ்வொரு தவணையாகக் கடனைக் கொடுக்குமுன் தன் பொறியாளரை அனுப்பி வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை வாங்கியிருக்கும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதிய அறிக்கைகளும் உண்டு என்பது வேறு விஷயம். ஆனாலும் அது இரு தரப்பையும் சேராத மூன்றாம் ஆள் எழுதியது. நகல் கேட்டு எழுதிக்கொடுங்கள்.

நாலரை லட்சத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். விலைவாசி ஏற்றம் என்பது, ஏறினால் கூட்டித் தருகிறோம் என்று நீங்கள் எழுதாதவரை அவர் பாடு. செப்டிக் டேங்க்கைச் சதுர அடிக் கணக்கில் சேர்க்காமல் தனியாகப் பேசுவதுதான் நம் பக்கத்து வழக்கம், அதனால் ஒப்பந்தத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். சேரவில்லை, ஆனால் கட்டி நீங்கள் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் நியாயமான விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மண் கொட்டியதும் அப்படித்தான், எத்தனை லோடு என்று ரசீது காட்டட்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்பவரை ஆணையமும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

காசோலைதான் எனக்குக் கவலை. கையெழுத்தை மட்டும் போட்டுத் தானாகக் கொடுத்த காசோலையில் பிறகு தொகையை எழுதிக்கொண்டாலும், கடனுக்காகத்தான் அது கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும், காசோலை திரும்பியதற்கு உங்கள் மேல் வழக்கு வரலாம். ஆகவே இந்த வாரமே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் காசோலையின் எண், அதை உத்தரவாதத்துக்காகத்தான் கொடுத்தீர்கள் என்பது, இன்ன குறைகளால் இப்போது அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை என்பது, திருப்பிக் கேட்கிறீர்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அதையும் மீறி அவர் வங்கியில் போட்டு அது திரும்பினால், 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அது கையில் கிடைத்து 15 நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

கொழுந்தனாரின் யோசனைக்கு: முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. தளம் வரைக்கும் கட்டிவிட்டு நிறுத்தியவர் மீது அதை நிரூபிப்பது கடினம். ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு தொகையைப் பேசிமுடிப்பார்கள். அந்தத் தொகைக்கும் உங்கள் விரிசலுக்கும் சம்பந்தம் இருக்காது. அவருடைய சென்ட்ரிங் ஷீட், மிக்ஸர் எதுவும் உங்கள் மனையில் கிடந்தால் பிடித்துவைக்காதீர்கள், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் புகார் உங்கள் மேல் திரும்பும்.

மனையின் அங்கீகாரத்தையும் வரைபட அனுமதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வங்கி கடன் கொடுத்திருப்பதால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். டெல்டாவில் வீடு கட்டவே தடை இருக்கிறதாமே என்று அடிக்கடி கடிதம் வருகிறது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத் தடுப்பது. உங்கள் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அளவெடுப்பு அறிக்கை வந்து, நோட்டீஸும் போய்ச் சேர்ந்த பிறகு, விரும்பினால் வேறு ஆளை வைத்து வேலையைத் தொடருங்கள். நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கும் உண்டு. வழக்கு முடியும்வரை வீட்டை மழையில் விட்டுவைத்தேன் என்பது வாதமாகாது. கேட்க வேண்டிய தொகை: விரிசலையும் தரையையும் சரிசெய்யும் செலவு, செய்த வேலையின் மதிப்புக்கு மேல் நீங்கள் கொடுத்த பணம், தாமதத்தால் கட்டிய வாடகை. மன உளைச்சலுக்கும் கேட்கலாம், ஆனால் அதில் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் உங்கள் கணவர். அவர் பெயரையும் சேர்த்தே மனு போட வேண்டும், அதற்காக அவர் லீவு எடுத்து வரவேண்டியதில்லை. உங்களுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வந்த தேதியைக் காட்ட, கூரியர் உறையையும் எறியாமல் வைத்திருங்கள்.