கட்டுநாயக்கவில் இறங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வெளியே போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. சுங்க முகவராக வேலை பார்ப்பதால் கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டர்களின் இரண்டு பக்கத்தையும் எனக்குத் தெரியும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் பிறந்தது உரும்பிராயில். இப்போது கனடாப் பாஸ்போர்ட். போன முறை விசா இல்லையென்று மறித்து வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டியும் கேட்கவில்லை. பிறந்த நாட்டுக்கு வர எனக்கு எதற்கு விசா? (டொரொண்டோ வாசகி)

உங்கள் கோபம் நியாயமானது, அக்கா. ஆனால் சட்டம் அந்தப் பிறப்புச் சான்றிதழைப் பார்க்காது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி எடுத்துக்கொண்டவருக்கு இலங்கைக் குடியுரிமை தானாகவே இல்லாமல் போய்விடும். இதை யாரும் கடிதம் போட்டு அறிவிப்பதில்லை. அதனால்தான் எத்தனையோ பேருக்கு இது முதன்முதலில் கட்டுநாயக்கக் கவுண்டரில், பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது தெரியவருகிறது. யுத்தத்துக்குப் பயந்து ஓடியவர்களை அந்த இடத்தில் வைத்து வெளிநாட்டுக்காரர் என்று சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று கவுண்டரில் இருப்பவர் யோசிப்பதில்லை. யோசித்தாலும் அவரால் சட்டத்தை மாற்ற முடியாது.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. அடிக்கடி வந்து போவீர்கள், காணி பூமி இருக்கிறது என்றால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் இலங்கைப் பாஸ்போர்ட்டையும் எடுத்து, இங்கே அதிலேயே வந்து போங்கள். கொஞ்சம் செலவும் அலைச்சலும் உண்டு, ஆனால் அப்புறம் இந்தக் கேள்வியே எழாது. எப்போதாவதுதான் வருவீர்கள் என்றால், விமானம் ஏறுமுன் இணையத்தில் ஈ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை எடுத்துவிடுங்கள். முதலில் 30 நாள் தருவார்கள். கூட நிற்க வேண்டுமானால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீடிக்கலாம். அதன் தலைமையகம் பத்தரமுல்லை சுகுருபாயவில் இருக்கிறது.

ஈ.டி.ஏ. எடுக்கும்போது தளத்தின் முகவரியை ஊன்றிப் பாருங்கள். அரசாங்கத் தளம் 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்றுதான் முடியும். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் பல, அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டி மேலதிகப் பணம் வாங்குகின்றன. 2024 ஏப்ரலில் விசா வேலை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் போனது, கட்டணம் ஏறியது, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்தது. அந்தக் குழப்பத்தில் கிளம்பிய பழைய தகவல்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம். இன்னொன்று: 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் போட வேண்டும். "பிள்ளைக்கு ஃப்ரீதானே" என்று போடாமலே வந்து நிற்பவர்கள் பலர்.

விடிய இரண்டு மணிக்கு இறங்கினோம். எழுபது வயது அம்மாவோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். நடுச்சாமத்தில் ஏன் இவ்வளவு சனம்? (தெஹிவளை வாசகர்)

கட்டுநாயக்கவின் நெருக்கடி நேரமே நடுச்சாமம்தான். வளைகுடா விமானங்களும் இந்திய விமானங்களும் இரவு பத்து மணிக்கும் விடியற்காலைக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென்று இருக்கும் முனையத்தில் 2018இல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். ஜப்பான் கடனில் கட்டத் தொடங்கிய இரண்டாவது முனையம் 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அப்படியே நின்றது. இதற்கு நீங்களோ நானோ செய்ய ஒன்றுமில்லை.

அம்மாவுக்குச் செய்யலாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யுங்கள். விமானக் கம்பெனி அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. "அம்மா நடப்பாதானே" என்று கௌரவம் பார்த்து விடாதீர்கள். நடப்பது வேறு, ஒரு மணித்தியாலம் நிற்பது வேறு. நாற்காலியைத் தள்ளி வரும் பணியாளர் பெரும்பாலும் தனிக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போவார், கூட வருகிற ஒருவரையும் விடுவார்கள். வருகை அட்டையை வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பிவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு பேனை இரவல் கேட்கும் வேலை மிச்சம். யாழ்ப்பாணம் போகிறவர்கள் சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருவதையும் யோசிக்கலாம். அங்கே வரிசை சிறியது, வான் பிடித்து ஏழு எட்டு மணித்தியாலம் ஓடவும் தேவையில்லை.

மகளின் கல்யாணத்துக்குச் சென்னையில் நகை எடுக்கப் போகிறோம். தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு வந்தால் கேட்கமாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா? (வெள்ளவத்தை வாசகி)

அம்மா, இந்த ஆலோசனையை உங்களுக்குச் சொன்னவர் உங்கள் காசை வைத்துச் சூதாடுகிறார்.

நீங்கள் வழமையாகப் போடுகிற நகையைப் போட்டுக்கொண்டு போய் வரலாம். அதையும் ஒழுங்காகச் செய்ய ஒரு வழி உண்டு. பெறுமதியான நகையோடு வெளியே போகும்போது, புறப்படுமுன் சுங்க அதிகாரியிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது இங்கிருந்து கொண்டுபோனது" என்று காட்ட அந்தத் தாள் போதும். செட்டியார் தெருக் கடைப் பில்லும், நகையை வெள்ளைத் துணியில் பரப்பி எடுத்த படமும் கைபேசியில் இருக்கட்டும்.

புதிதாக வாங்கும் கல்யாண நகை வேறு கதை. அது மகளுக்குப் போகிற பொருள், உங்கள் பாவனைப் பொருள் என்று சொல்ல முடியாது. பில்லை எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்பு வழிக்குப் போங்கள். சிவப்பு வழியில் போவதென்றால் குற்றவாளி போலத் தலை குனிந்து போக வேண்டும் என்று நம் சனத்துக்கு ஓர் எண்ணம். அது வரி கட்டுகிறவர்கள் போகும் வழி, அவ்வளவுதான். பெறுமதியைச் சொல்லுங்கள், வரியைக் கேளுங்கள், கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்கள் போகும் பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால், பிறகு பேச்சு வரியைப் பற்றி இருக்காது. சுங்கச் சட்டம் 1869ஆம் ஆண்டினது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, இன்றைக்கும் பல்லோடுதான் இருக்கிறது. நகையைப் பறிமுதல் செய்யலாம், அதன் மேல் தண்டமும் விதிக்கலாம். தண்டப் பணத்தில் ஒரு பங்கு கண்டுபிடித்த அதிகாரிகளுக்குச் சன்மானமாகப் போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண் கூர்மையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2023 மே மாதம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே டுபாயிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் தங்கமும் 91 கைபேசிகளும் கொண்டுவந்து மாட்டினார். விசேட விருந்தினர் வழியாக வந்தும் தப்பவில்லை. தண்டம் 75 இலட்சம் ரூபாய். கல்யாண வீட்டில் அந்தக் கவலை வேண்டாமே.

திருச்சியிலிருந்து மல்லிகைக் கன்று கொண்டுவரலாமா? லண்டனில் இருக்கும் மகனுக்குக் கறிவேப்பிலை கொண்டுபோகலாமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

இரண்டும் வேண்டாம். கன்று, விதை, மண் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. வேரோடு ஒட்டிவரும் ஒரு பூச்சி ஒரு மாவட்டத்துத் தோட்டத்தையே அழிக்கக் கூடியது, ஆகவே இதில் அதிகாரிகள் இறுக்கமாக இருப்பதை நான் ஆதரிக்கிறேன். லண்டனில் பச்சைக் கறிவேப்பிலைக்கு அறவே தடை. எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோய் அதனோடு வரும் என்ற பயம். இறைச்சி, பால் பொருட்களையும் விடமாட்டார்கள். மகனுக்கு மிளகாய்த்தூள் இடித்துக் கொண்டுபோங்கள், சந்தோஷப்படுவார்.

கல்யாணப் படம் எடுக்கச் சிங்கப்பூரில் ட்ரோன் வாங்கி வந்தேன். சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. (மட்டக்களப்பு வாசகர்)

தம்பி, ட்ரோன் விஷயத்தில் பிழை உங்கள் பக்கம்தான். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் இல்லாமல் அதை வெளியே விடமாட்டார்கள். வாங்குமுன் விண்ணப்பித்திருக்க வேண்டும். இப்போதும் அனுமதிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். தாமதிக்க வேண்டாம், தடுத்து வைத்த பொருளைச் சுங்கம் காலவரையின்றி வைத்திருக்காது.

ஆனால் அந்தக் கையெழுத்து விஷயத்தில் உங்களுக்கு நடந்தது அநீதி. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதைச் சொல்கிறது. புரியாத தாளில் கையெழுத்து வைக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. விடிய மூன்று மணி, கண் எரிகிறது, வெளியே வான்காரர் திரும்பத் திரும்ப அழைக்கிறார், அதிகாரி பேனையை நீட்டுகிறார். அந்த நிமிஷத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை பேனையை வாங்கி மேசையில் வையுங்கள். "தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள், வாசித்துக் காட்டியதும் போடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். சத்தம் போட்டால் பேச்சு உங்கள் நடத்தையைப் பற்றியதாக மாறிவிடும். பொறுப்பதிகாரி ஒருவர் எந்த நேரமும் கடமையில் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

தடுத்து வைக்கும் எந்தப் பொருளுக்கும் ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். அதில் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: பொருளின் விபரம் தொடர் இலக்கத்தோடு சரியாக இருக்கிறதா, திகதியும் நேரமும் இருக்கிறதா, என்ன காரணம் என்று எழுதியிருக்கிறதா, அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதா. வெறுமனே 'இலத்திரனியல் பொருள் 1' என்று எழுதியிருந்தால் மாதிரியின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் என்னைப் போன்ற முகவர் ஒருவரால் உங்களுக்காகப் பேச முடியும். வாயால் சொன்னது எதையும் வைத்துப் பேச முடியாது. மொழி பற்றிய முறைப்பாட்டை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். எழுதுகிறவர்கள் குறைவாக இருப்பதால்தான் "முறைப்பாடு இல்லை" என்று சொல்ல முடிகிறது.

எவ்வளவு டொலர் கொண்டுவரலாம்? (நீர்கொழும்பு வாசகர்)

எவ்வளவும் கொண்டுவரலாம். 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். திரும்பப் போகும்போது 10,000க்கு மேல் நோட்டாகக் கொண்டுபோக எண்ணினால், வரும்போதே முழுத் தொகையையும் அறிவித்துவிடுங்கள்.

தம்பியை டுபாய் விமானத்தில் ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசிட் விசா, டிக்கெட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் சரியாக இருந்தது. ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. (ஹட்டன் வாசகி)

தங்கச்சி, அவர் உண்மையிலேயே சுற்றிப் பார்க்கப் போனாரா, வேலைக்குப் போனாரா? ஏஜென்ட் என்று எழுதியிருப்பதால் வேலைக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். இது 1985ஆம் ஆண்டுச் சட்டம். விசிட் விசாவில் அனுப்பி "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பது ஏஜென்ட்மார் வழமையாகச் சொல்லும் கதை. குடியகல்வு அதிகாரி இரண்டு கேள்வி கேட்பார்: எத்தனை நாள், கையில் எவ்வளவு காசு. மனப்பாடம் செய்த பதிலை அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

திருப்பி அனுப்பியது அவமானமாக இருந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், வேலை என்று நம்பிப் போனவர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள், 2024இல் ரஷ்யப் போர்முனைக்கே அனுப்பப்பட்டார்கள். தம்பி வீட்டில் இருக்கிறார். அது பெரிய விஷயம்.

இப்போது செய்ய வேண்டியது: ஏஜென்டுக்குக் காசு கொடுத்த ரசீது, வங்கியில் போட்ட துண்டு, வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காமல், அவற்றோடு பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள். இல்லையென்றால் அது பொலிஸ் விவகாரம்.

பை வந்து சேரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். (வத்தளை வாசகர்)

நாளைக்கு என்று போனால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். பைகள் வரும் பட்டை நின்றதும் மண்டபத்தை விட்டு வெளியேறாமல் விமானக் கம்பெனியின் கவுண்டரில் எழுத்தில் முறைப்பாடு பதிந்து, இலக்கத்தை வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டியிருக்கும் பைத் துண்டைத் தொலைக்க வேண்டாம். விமானப் பயணிகளின் இழப்பீடு பற்றிய மொன்றியல் சர்வதேச உடன்படிக்கைப்படி, பை உடைந்திருந்தால் கிடைத்து 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உள்ளே இருந்த சாமான்களின் பட்டியலை இன்றே எழுதி வையுங்கள், ஒரு கிழமை போனால் பாதி மறந்துவிடும். பை வந்ததும் சுங்கத்தில் திறந்து பார்க்கக் கேட்கக்கூடும், ஆகவே பூட்டின் சாவியோடு போங்கள்.