அரிசியை விட்டு ராகிக் கஞ்சிக்கு மாறியும் சர்க்கரை ஏறுவது ஏன்?

ராகியிலும் மாவுச்சத்து அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு: 30 கிராம் மாவில் சுமார் 20 கிராம். நைசாக அரைத்துக் கொதிக்கவைத்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். மெல்லாமல் குடிப்பதால் இன்னும் வேகம். ரொட்டியாகத் தட்டி, கூடவே கீரையும் சுண்டலும் சேர்த்துக்கொள்வது மேல்.

உணவியல் நிபுணரிடம் போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை டம்ளர், கரண்டிக் கணக்கோடு எழுதிக்கொண்டு போங்கள். "கொஞ்சம் சாதம்" என்றால் அவரால் எதையும் கணக்கிட முடியாது. முதல் வாய்க்கு முன்பும், அதிலிருந்து 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து அதையும் குறியுங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டாவது அளவு 180க்குள் இருக்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாதத்தைத் திடீரென்று பாதியாக்காதீர்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம்.