கொரியாவில் இங்கிலிஷ் படிப்பிக்கப் போன மகள் திரும்பி வரட்டுமா?

அக்கா, மகள் ரொரன்ரோவிலிருந்து போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "வரட்டுமா அம்மா" என்று அழுகிறாள், டிக்கெட் போடவா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்குப் போட வேண்டாம். அவள் சொன்ன முறைப்பாடுகளை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அதில் கொரியாவின் பழக்கவழக்கமும் அவள் படிப்பிக்கும் ஹக்வொன், அதாவது தனியார் டியூஷன் நிலையத்து முதலாளியின் சேட்டையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

வந்த அன்றே வயசு கேட்டார்கள், கலியாணம் கட்டியாச்சா என்று கேட்டார்கள் என்கிறாள். எங்கள் ஆட்கள் கேட்காததா! அங்கே வயது தெரிந்தால்தான் எந்த அளவு மரியாதையோடு பேசுவது என்று பிடிபடும். பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும் செய்யட்டும், அதற்கே மதிப்பு கூடும். ஹக்வொனுக்குப் பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகுதான் வருவார்கள், அதனால் வேலை பின்னேரம் தொடங்கி இரவு வரை இழுக்கும். சோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று சட்டமே போட வேண்டி வந்தது என்றால் பாருங்கள். வகுப்பில் ஒரு பையன் மேசையில் தலையைப் போட்டுத் தூங்கினானாம், இவள் தன் பாடம் சரியில்லை என்று நினைத்து அழுதாளாம். அன்றைக்கு அவனுக்கு அது இரண்டாவது ஹக்வொனாகவோ மூன்றாவதாகவோ இருக்கும். நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதிக்காக விமானங்களையே ஏற இறங்க விடாமல் நிறுத்துகிற நாடு அது.

நேர அட்டவணை மாறினதைக் கடைசி நிமிடத்தில் சொல்வது, வேலை முடிந்து எல்லாருமாகச் சாப்பிடப் போவது, இதெல்லாம் பழகிவிடும். முதல் தடவையாவது அந்தச் சாப்பாட்டுக்குப் போகட்டும். குடிக்கத் தேவையில்லை, பெரியவர்களின் கோப்பையை நிரப்பினால் போதும். சைவம் என்றால் மட்டும் கவனம், கிம்ச்சியில் பெரும்பாலும் மீனோ இறாலோ சேர்ந்திருக்கும்.

சரி, இனிச் சேட்டைக்கு வருவோம். சனிக்கிழமை வகுப்புக்குக் காசு கேட்டதற்கு முதலாளி "இதுதான் கொரியக் கலாசாரம்" என்றாராம். அது கலாசாரம் இல்லை அக்கா, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. சில ஹக்வொன்கள் ஆசிரியரைச் சுயதொழில் செய்பவர் என்று பதிந்து பென்ஷன், மருத்துவக் காப்புறுதி இரண்டையும் தட்டிக் கழிக்கும். கனடாக்காரர் நாட்டை விட்டு வரும்போது கட்டிய பென்ஷனை மொத்தமாகத் திருப்பி எடுக்கலாம், கட்டவே இல்லையென்றால் எதை எடுப்பது? ஒரு வருடம் முடித்தால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் தனியாகக் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் தப்ப, வருடம் முடிய முதலே ஆளை நிறுத்துகிற முதலாளிகளும் உண்டு.

கோபத்தில் வேலையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மொழி படிப்பிக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஈ-2 விசா அந்த முதலாளியோடு கட்டுப்பட்டது, இடையில் வேறு இடம் மாறுவதென்றால் பொதுவாக அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. வெளிநாட்டவர் பதிவு அட்டை வரும் வரை போன், பேங்க் எல்லாமே இழுபறிதான், தனிமையில் பாதி அதனால் வருவது. ஒப்பந்தத்தையும் முதல் சம்பளச் சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில் பென்ஷனுக்குக் காசு பிடித்ததாக இல்லையென்றால் தொழில் அமைச்சின் 1350 எண்ணுக்கு எடுக்கட்டும், ஆங்கிலத்திலும் பேசலாம்.