அலெக்சாண்டர் போப் காலத்து லண்டன்: கவிஞரும் பதிப்பாளரும் – கேள்வி பதில்

கேள்வி: 1700களின் தொடக்கத்தில் லண்டனில் கவிதை எழுதிப் பிழைக்க முடிந்ததா, சார்?

பதில்: பெரும்பாலோருக்கு முடியவில்லை. பதிப்பாளர் ஒரு தொகை கொடுத்து உரிமையை மொத்தமாக வாங்கிக்கொள்வார். அப்புறம் எத்தனை பதிப்பு வந்தாலும் கவிஞருக்குக் காலணா கிடையாது. புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கே 'தி ரேப் ஆஃப் தி லாக்' என்ற நையாண்டிக் கவிதையின் முதல் வடிவத்துக்கு 1712இல் கிடைத்தது 7 பவுண்டு. 1714இல் விரித்து எழுதியதற்கு 15 பவுண்டு. அது நாலே நாளில் 3000 பிரதி போனதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அப்படியிருந்தும் போப் வசதியாக வாழ்ந்தார் என்கிறார்களே?

பதில்: ஹோமரின் கிரேக்கக் காவியமான 'இலியட்' மொழிபெயர்ப்பால். 1714இல் பெர்னார்ட் லின்டாட் என்ற பதிப்பாளருடன் ஒப்பந்தம் போட்டார். போப் கெட்டிக்காரர். ஆறு தொகுதி, 1715 முதல் 1720 வரை. தொகுதிக்கு ஏறத்தாழ 200 பவுண்டு லின்டாட் தர வேண்டும். அதோடு, முன்பதிவு செய்தவர்களுக்கான பிரதிகளையும் தன் செலவில் அச்சிட்டுப் போப்பிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணம் 6 கினி (கினி என்பது பவுண்டைவிடச் சற்றே மதிப்புக் கூடிய தங்க நாணயம்). அது முழுக்கப் போப்புக்கே. 575 பேர் 654 பிரதிகளுக்குப் பதிந்தார்கள். எல்லாம் சேர்த்து சுமார் 5000 பவுண்டு! இத்தனைக்கும் மொழிபெயர்ப்பை அவர் எழுதியது தனக்கு வந்த பழைய கடிதங்களின் பின்பக்கத்தில். காகிதச் சிக்கனத்துக்காக நண்பரான எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் அவரைக் கேலி செய்ததுண்டு.

கேள்வி: அந்த 575 பேரும் ஹோமர் ரசிகர்களா?

பதில்: அட, எங்கே! முன்பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் நூலிலேயே அச்சாகும். இளவரசி கரோலின் பெயர் இருக்கும் பட்டியலில் தன் பெயரும் வருவது யாருக்குக் கசக்கும்? பழைய புரவலர் ஒருவர் செய்ததை இப்போது பல நூறு பேர் பங்கு போட்டுச் செய்தார்கள் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: லின்டாட்டுக்கு நஷ்டமா?

பதில்: நினைத்த அளவு லாபம் இல்லை. ஹாலந்தில் யாரோ சின்னப் புத்தக வடிவில் மலிவுப் பதிப்பு போட்டு இங்கிலாந்துக்குக் கடத்திவிட்டார்கள். இவரும் வேறு வழியின்றி மலிவுப் பதிப்பில் இறங்கினார்.

கேள்வி: பதிப்புரிமைச் சட்டம் இல்லையா?

பதில்: இருந்தது. 1710இல் ஆன் அரசி காலத்தில் வந்தது. புது நூலுக்கு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. ஆனால் கடல் தாண்டி ஹாலந்தில் அது செல்லாது.

கேள்வி: எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளருக்குப் போப் விஷம் வைத்தது நிஜமா?

பதில்: விஷம் இல்லை, வாந்தி மருந்து! 1716இல் கர்ல் அரண்மனை வாழ்க்கையைக் கிண்டல் செய்யும் சில கவிதைகளை அனுமதியில்லாமல் அச்சிட்டார். அதில் போப்புக்குக் கோபம். ஃப்ளீட் தெரு மதுக்கடை ஒன்றில் சமாதானம் பேசுவதுபோல் கர்லை வரவழைத்து, ஒயினில் கலந்து கொடுத்துவிட்டார் போப். அதோடு விட்டாரா? கர்ல் பட்ட பாட்டைத் துண்டுப் பிரசுரமாகவும் எழுதிப் போட்டார். இருவர் பகையும் கடைசியில் நீதிமன்றம் வரை போனது. தன் கடிதங்களைக் கர்ல் அச்சிட்டதற்குப் போப் வழக்குத் தொடுக்க, 1741இல் நீதிபதியாக இருந்த ஹார்ட்விக் பிரபு தீர்ப்புச் சொன்னார்: கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அச்சிடும் உரிமை எழுதியவருக்கு.