இருமினால் சிறுநீர் கசிகிறது: ஸ்கேன் எதற்கு?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் எனக்கு 46 வயது. இரண்டாவது குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அது முதல் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இவ்வாண்டு காவடித் திருவிழாவில் பால்குடம் எடுக்கவே அஞ்சி ஒதுங்கிவிட்டேன். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கு ஆறு மாதமாகப் பயிற்சி செய்தும் பலனில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அத்தசைகளைப் பார்க்கலாம் என்கிறார் என் பிசியோதெரபிஸ்ட். உள்ளே கருவி விடுவார்களா? கதிர்வீச்சு உண்டா?

பதில்: அச்சம் வேண்டாம், சகோதரி. இது ஒலி அலைகளால் எடுக்கும் படம். கதிர்வீச்சு அறவே இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு, முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்தால், உறையிட்டு ஜெல் தடவிய கருவியைப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் மட்டுமே வைப்பார்கள்.

திரையில் முன்புற இடுப்பெலும்பு, சிறுநீர்ப்பை, யோனி, ஆசனக்குழாய் ஆகியவை அடுத்தடுத்துத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் வெண்பட்டையாகத் தெரிவதுதான் நாம் பார்க்கவேண்டிய தசை. நீங்கள் இறுக்கும்போது அந்தப் பட்டை எலும்பை நோக்கி முன்னே வந்து, சிறுநீர்ப்பையின் கழுத்து சற்று மேலெழ வேண்டும். இறுக்குவதாக எண்ணிக்கொண்டு, மலம் கழிக்க முக்குவதுபோல் கீழ்நோக்கி அழுத்தும் பெண்கள் பலர். அப்போது சிறுநீர்ப்பை திரையிலேயே கீழிறங்கும். உங்கள் ஆறு மாத உழைப்பு பலனளிக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால், திரையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே பழகினால் பிழையைத் திருத்துவது எளிது.

ஆயுதப் பிரசவத்தில் இத்தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் வாய்ப்பு கூடுதல். முப்பரிமாண ஸ்கேனில் அது தெளிவாகத் தெரியும். முக்கும்போது தசைகளுக்கு இடையிலுள்ள திறப்பு 25 சதுர சென்டிமீட்டரை எட்டினால் அது அளவுக்கு மீறி விரிகிறது என்று கொள்வோம். பிய்ந்த தசையைப் பயிற்சி ஒட்டவைக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் எஞ்சிய தசைக்கு வலுவூட்ட முடியும்.

இத்தொல்லை உள்ள எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. தசையின் அசைவை அது காட்டுமே தவிர இறுக்கும் வலிமையை அளக்காது; அதற்குக் கைவிரல் பரிசோதனைதான் வேண்டும். இருப்பினும் ஆயுதப் பிரசவம், பலனளிக்காத பயிற்சி என்ற இரண்டும் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பெண் ஒருவரே பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஸ்கேனுக்கு முன், தொற்று உள்ளதா என்றறியச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவதுபோல் தோன்றினாலோ, ஸ்கேன் தேதிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.