15 வருடம் ஓடிய பழைய காரில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. பல்பு மாற்றலாமா, 100 வாட்ஸ் போடலாமா? நாமே செய்ய முடியுமா?

இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். 15 வருடம் ஓடிய வண்டி என்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் பல்பு நன்றாகவே இருக்கும், அதற்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம்தான் வழியிலேயே வீணாகிக்கொண்டிருக்கும். எனக்கு இது புரிவதற்குள் ஒரு கப்ளர் (பல்பையும் வயரையும் இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) உருகிவிட்டது.

நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம். அக்கா கொல்லிமலையில், செம்மேட்டில் ஆசிரியை. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தானுக்கு உடம்பு சரியில்லாத சமயத்தில் ராத்திரி ராத்திரியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது 2003 மாடல் பெட்ரோல் வேன். வளைவில் திரும்பும்போது எதிரே மண் சுவரா, பள்ளமா என்று தெரியாத அளவுக்கு மங்கலான மஞ்சள் வெளிச்சம். ஒரு கடையில் 60/55 வாட்ஸ் (தூரத்துக்கான ஹை பீமுக்கு 60, கிட்டத்துக்கான லோ பீமுக்கு 55) பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட்ஸ் மாட்டிக் கொடுத்தார்கள். அன்று இரவு பளிச்சென்றுதான் இருந்தது. இரண்டு மாதத்தில் இடது பக்கம் அணைந்தது. பின்னால் இருந்த ரப்பரை உரித்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய கப்ளர் டீ நிறத்துக்கு வந்து, ஒரு பின் பிளாஸ்டிக்குக்குள் சாய்ந்து புதைந்து கிடந்தது. அந்த வயரைத் தொட்டதும் மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கியது. மலையில் பாதி வழியில் இது பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே லாரிகளுக்கு வயரிங் இழுக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, பல்ப மாத்தி என்னங்க பண்றது, கரண்ட் வர்ற வழியப் பாருங்க" என்று சொல்லி, மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்ஜினை ஓட விட்டு, லோ பீமைப் போட்டு, பேட்டரி முனைகளில் அளந்தார்: 13.9 வோல்ட். பிறகு பல்பின் கப்ளரில், பின்பக்கமாக ஊசி முனையை நுழைத்து அளந்தார்: 11.8. கப்ளரைக் கழற்றி அளக்கக் கூடாது, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். லோடு இல்லாவிட்டால் வயரில் கரண்ட் ஓடாது, இழப்பும் தெரியாது, மீட்டர் முழு வோல்ட்டேஜைக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

2 வோல்ட் போனால் என்ன என்று நானும் நினைத்தேன். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்குக்கு (கணக்கில் வரும் 'பவர்') ஏற்ப வேகமாக இறங்கும். அந்தக் கணக்குப்படி என் பல்பு தர வேண்டிய வெளிச்சத்தில் நூற்றுக்கு 57 தான் வந்துகொண்டிருந்தது.

அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ் பாக்ஸுக்குப் போய், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குள் புகுந்து, மறுபடி முன்னால் விளக்குக்கு வருகிறது. மெல்லிய வயர், பழைய சுவிட்ச், நாலைந்து கப்ளர். எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் தடை இருந்தால் போதும், 10 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் காலி. மிச்சம் எர்த்தில், அதாவது கரண்ட் வண்டியின் தகர உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் போகும். என் வேனில் ஹெட்லைட் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு செதில் செதிலாக உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தகரம் மின்னும் வரை தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் கிட்டத்தட்ட அரை வோல்ட் திரும்பி வந்தது. இதற்குக் காசே ஆகவில்லை. நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

மீதிக்கு ரிலே. அது, உள்ளே இருக்கும் சுருளில் சிறு கரண்ட் வந்ததும் தொடுப்பை இழுத்துப் பெரிய கரண்ட்டை விடும் சுவிட்ச். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று, 12 வோல்ட் நாலு பின் ரிலே. (லாரி சாமான் விற்கும் கடையில் வாங்கினால் 12 வோல்ட் என்று அழுத்திச் சொல்லுங்கள். லாரிக்கு 24 வோல்ட். அதை வாங்கி வந்து மாட்டினால் ரிலே இழுக்காது.) பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரிலேயின் 30ஆம் பின்னுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 87இலிருந்து பல்புக்கு அதே கனத்தில் வயர். 85 எர்த்துக்கு. பல்புக்கு ஏற்கனவே வந்துகொண்டிருந்த பழைய வயரை 86இல் சொருகுங்கள். இனி சுவிட்ச் வழியாக ஓடுவது ரிலே சுருளுக்கான 0.15 ஆம்பியர் அளவுதான், பல்புக்கான 10 ஆம்பியரும் புதுப் பாதையில் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பல்புக்கு பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டிருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரையும் வெட்டாதீர்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் சமாதானமே செய்துகொள்ளாதீர்கள். ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் எங்காவது தகரத்தில் உரசித் தேய்ந்தால் அதைத் தடுக்க ஆளே இல்லை. நெருப்புதான். முறுக்கி டேப் சுற்றும் வேலையும் வேண்டாம். வயர் நுனியில் லக் (உலோக முனை) வைத்து கிரிம்ப் செய்து, அதாவது அழுத்தி இறுக்கி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வயரை நெளிகுழாய்க்குள் விட்டு ஓட்டுங்கள்.

வேலை முடிந்து அளந்தபோது பல்பில் 13.5 வோல்ட். மாட்டியிருந்தது பழையபடி சாதாரண 60/55 வாட்ஸ் பல்புதான். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்.

எல்.இ.டி. பல்பை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஹாலஜன் பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், உற்றுப் பாருங்கள். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, சாலையை நோக்கிக் கீழே இறங்குவதற்காக வைத்தது அது. அந்த ரிஃப்ளெக்டரை வடிவமைத்ததே அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான். அங்கே எல்.இ.டி. சில்லுகளை வைத்தால் அளவும் இடமும் சரியாகப் பொருந்துவதில்லை, வெளிச்சம் மேலே சிதறுகிறது. ஓட்டுகிறவருக்கு வெள்ளையாக, பிரமாதமாகத் தெரியும். எதிரே மொபெட்டில் பால் கேனோடு வருகிறவருக்கு இரண்டு விநாடி கண்ணே தெரியாது. மலைப்பாதையில் அந்த இரண்டு விநாடி அவர் உயிர்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் விளக்கையும் பல்பின் வாட்ஸையும் தொடாமல் வயரிங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். வாரண்டியில் இருக்கும் புது வண்டியாக இருந்தால் இதைக்கூடச் செய்யாதீர்கள். பழைய பைக்குக்கும் இது பொருந்தாமல் போகலாம், பலவற்றில் ஹெட்லைட் மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் கருவி) நேராக ஏ.சி. மின்சாரத்தில் எரியும்.

மாட்டி முடித்ததும், வண்டியைச் சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீமின் மேல் விளிம்பு பல்பின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகாணியைத் திருப்புங்கள். பிறகு இன்ஜின் ஓட அரை மணி நேரம் ஹை பீமில் எரிய விட்டு, அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பல்பை ஒட்டிய கப்ளர் சூடாக இருக்கும், அது பல்பின் சூடு. வேறு எங்கே சுட்டாலும் அந்த கிரிம்ப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.